விலக்குக்கு மாற்று உமிழ்வு வணிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்து 2025 ஜூலையில் மத்திய அரசு விலக்கு அளித்தது குறித்த தலையங்கம் கண்டேன். எல்லா நிலையத்துக்கும் புகையிலிருந்து கந்தகத்தை அகற்றும் கந்தக நீக்கி, இல்லையேல் விலக்கு. வேறு வழியே இல்லையா? அமெரிக்கா 1995 முதல் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, டன்னுக்கு ஓர் அனுமதி என வழங்கி, அவற்றை வாங்கவும் விற்கவும் விட்டது. மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம், அதுவும் விலைவாசியோடு ஏறுவது. சில நிலையங்கள் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறின. சில நீக்கி பொருத்தின.

இதன் உயிர்நாடி புகைபோக்கியிலுள்ள அளவுமானி. பூஜ்ய அளவையும் உச்ச அளவையும் செறிவு முன்கூட்டியே தெரிந்த தர வாயுவால் அன்றாடம் சரிபார்க்காவிட்டால் அளவீடு நழுவிவிடும். அமெரிக்காவில் அளவுமானி நெடுநேரம் பழுதானால், விடுபட்ட மணிநேரங்களுக்கு உயர்ந்த அளவே கணக்கில் ஏறும்; பழுதை யாரும் நீட்டிக்க மாட்டார்கள். இவ்விதியையும் சேர்த்து, சூரத்தில் 2019 முதல் துகள் மாசுக்கு நடத்திய உமிழ்வு வணிகத்தைப் போல, விலக்குப் பெற்ற நிலையங்களின் கந்தகத்துக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சந்தை தொடங்கலாம்.