எந்தக் கிராம்பு எண்ணெய் என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மாறாமலை, வேளிமலைத் தோட்டங்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது, சந்தோஷம். ஆனால் எல்லாமே விலையும் விளைச்சலும்தான். அந்த மலைக் கிராம்புக்குப் பேர் வாங்கித் தந்ததே அதிலுள்ள எண்ணெய்தானே, அதன் மணத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

வீட்டிலேயே சிறிய அளவில் சோப்பும் வாசனைத் தைலமும் செய்கிறவள் நான். கடையில் வாங்கும் குப்பிகளில் 'கிராம்பு எண்ணெய்' என்று மட்டும் இருக்கிறது. மொட்டில் வடித்ததா, காம்பிலா, இலையிலா, ஒரு வார்த்தை கிடையாது. எல்லாவற்றிலும் பெரும்பகுதி யூஜெனால்தான், பல் டாக்டரிடம் போனால் மூக்கில் ஏறுமே, அந்தக் கார வாசனை. ஆனால் மொட்டு எண்ணெயில் கூடவே யூஜெனைல் அசிடேட்டும் நல்ல அளவில் இருப்பதால் காரம் அடங்கியதும் பழ வாசனை போல ஓர் இனிப்பு மெல்ல மேலே வரும். இலை எண்ணெயில் அது மிகக் குறைவு. காகிதத்தில் ஆளுக்கொரு சொட்டு விட்டு முகர்ந்து பாருங்கள்: மொட்டு உருண்டையாக, பூவாக விரியும், இலை எண்ணெய் கரகரவென்று மரப்பட்டை மாதிரி நிற்கும்.

இலை எண்ணெய் மட்டம் என்று சொல்லவில்லை. அதிலிருந்து யூஜெனாலைப் பிரித்தெடுத்து எத்தனையோ வாசனைப் பொருள்கள் செய்கிறார்கள், வனிலின் உட்பட. ஆனால் பூ வாசனை கட்ட எனக்கு மொட்டுதான் வேண்டும். கார்னேஷன் பூவிலேயே கிராம்பு வாசம் உண்டு, 1948-இல் நினா ரிச்சி வெளியிட்ட 'லேர் து தாம்' சென்ட்டில் தூக்கலாகத் தெரிவது அந்தப் பூதான். ரோஜாவோடு கிராம்பு எண்ணெயைத் துளியளவு சேர்த்தால் வாசம் கார்னேஷன் பக்கம் திரும்பும், கை கொஞ்சம் கூடினால் பூ போய் பிரியாணி வந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. யூஜெனால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். ஐரோப்பாவில் 2005 முதலே குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அழகுசாதன லேபிளில் அதன் பெயரைப் போட்டாக வேண்டும். இங்கே கலக்காத எண்ணெயை அப்படியே மணிக்கட்டில் தடவச் சொல்லி வீடியோ போடுகிறார்கள், பார்த்தாலே பதறுகிறது.

மொட்டா, காம்பா, இலையா என்று குப்பியில் அச்சிடும்படி உங்கள் நாளிதழ் அழுத்தமாக எழுத வேண்டும். மாறாமலை மொட்டிலேயே யாராவது எண்ணெய் வடிக்கிறார்கள் என்றால் அதையும் விசாரித்துப் போடுங்கள், வாங்க ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தக்கலை