நூலைத் திறந்து பார்க்காமல் தயாரிக்கப்பட்ட நூற்பட்டியல் பதிவுகள் குறித்த புகார்

அனுப்புநர்
நூலகர்,
மேல்நிலைப் பள்ளி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நூற்பட்டியல் சேவை நிறுவனம்,
சென்னை.

பொருள்: பள்ளி நூலகத்துக்குத் தாங்கள் தயாரித்தளித்த பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்தித் தரக் கோருவதும், அதுவரை பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைப்பதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள சுமார் 6,000 நூல்களுக்குக் கணினிப் பட்டியல் தயாரிக்கும் பணியைக் கடந்த கல்வியாண்டில் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பார்த்து, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசமப் பகுப்பு முறையில் பகுப்பு எண் வழங்கி, நூல் எதைப் பற்றியது என்று கூறும் பொருள் தலைப்புகள் சேர்த்து, கணினிகள் படிக்கக்கூடிய நூற்பதிவு வடிவமான மார்க் 21இல் பதிவுகள் உருவாக்கித் தருவதாக ஒப்பந்தத்தில் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டணமும் அந்த வேலைக்கு உரியதாகவே வாங்கப்பட்டது. வந்து சேர்ந்த பதிவுகளைப் பார்க்கும்போதோ, பல நூல்களின் அட்டையைக்கூட யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பது தெளிவாகிறது.

சேலம் மாவட்ட வரலாற்றைக் கூறும் தமிழ் நூல் ஒன்றை முதல் சான்றாகக் குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு உரிய 954.82 என்ற எண்ணில் இருக்க வேண்டிய அந்த நூலுக்குத் தாங்கள் அளித்த எண் 974.4. அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு உரியது. அம்மாநிலத்திலும் சேலம் என்ற பெயரில் ஓர் ஊர் இருப்பதும், 1692இல் அங்கே சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்டதும் வரலாறு. அதற்காக, எங்கள் மாவட்டத்து இரும்புத் தாதுவையும் வெள்ளைக்கல் சுரங்கங்களையும் மேட்டூர் அணையையும் பற்றிப் பேசும் நூலின் பதிவில் ‘சூனியம் – மாசசூசெட்ஸ்’ என்ற பொருள் தலைப்பு இடம்பெற வேண்டிய அவசியம் என்ன? தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்த செய்தி அந்த நூலின் முதல் இயலிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தைப் படித்திருந்தாலே ஊர் எதுவென்று விளங்கியிருக்கும். மாவட்டம் பற்றிய செயல்திட்டத்துக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் இந்த நூலைத் தேடி வந்தார். ‘சேலம் வரலாறு’ என்று தட்டியபோது கணினி எதையும் காட்டவில்லை. தமிழ்நாட்டு வரலாற்று வரிசையிலும் நூல் இல்லை. அது இரண்டு அலமாரிகள் தள்ளி, அமெரிக்க வரலாற்றுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. பதிவே இல்லாத நூலை நூலகர் நினைவில் வைத்தாவது எடுத்துத் தரலாம். தவறான பதிவு பெற்ற நூலோ, இல்லை என்றே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது சான்று இதைவிட வருத்தமளிப்பது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை முதலிய மலைகளில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய வாழ்க்கை முறையையும், ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவையும் விவரிக்கும் நூலைத் தாங்கள் 954.83 என்ற எண்ணில், அதாவது கேரள வரலாற்றில் சேர்த்திருக்கிறீர்கள். இனக்குழுக்களுக்கென 305.8 என்ற எண் இருக்கிறது. அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். தங்கள் ஊரையும் திருவிழாவையும் பற்றிய ஒரே நூலை அவர்கள் கேரளத்தில் போய்த் தேட வேண்டும் என்பது என்ன நியாயம்?

இவை குறித்து முன்பே தொலைபேசியில் தெரிவித்தபோது, பதிவுகள் வெளிநாட்டுத் தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்பட்டவை, ஆகவே அவற்றில் தவறு இருக்க வாய்ப்பில்லை என்று தங்கள் அலுவலர் பதிலளித்தார். தரவுத்தளத்திலிருந்து பதிவை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உலகெங்கும் நூலகங்கள் அப்படித்தான் உழைப்பை மிச்சப்படுத்துகின்றன. எடுத்த பதிவு இந்த நூலுக்கு உரியதுதானா என்று ஒத்துப் பார்ப்பதற்கல்லவா ‘நூலைக் கையில் வைத்து’ என்று ஒப்பந்தத்தில் எழுதினோம்? பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் அடையாள எண்ணே கிடையாது. சில பதிப்பாளர்கள் ஒரே எண்ணை இரண்டு நூல்களில் அச்சிட்டுவிடுவதும் உண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பியதால், சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்று எங்கள் பட்டியலில் வேளாண்மைக் கையேடாகப் பதிவாகியிருக்கிறது.

தமிழ்ப் பதிவுகளின் நிலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பகுதி நூல்களின் தலைப்புகள் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு வந்திருக்கின்றன. மார்க் 21 அமைப்பில் மூல மொழியின் எழுத்திலேயே தலைப்பைத் தருவதற்கு 880 என்ற புலம், அதாவது பதிவில் அதற்கென ஒதுக்கிய இடம், இருந்தும், அது காலியாக விடப்பட்டுள்ளது. தமிழ் எழுத்தில் உள்ள பதிவுகளோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பின்னர் கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை போலத் தெரிகிறது. அவற்றில் கொ, கோ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி ஒரே குறியீடாக அமையாமல் ஒற்றைக்கொம்பு அல்லது இரட்டைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பதிவாகியிருக்கிறது. சேர்ந்த வடிவமும் பிரிந்த வடிவமும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தாங்கள் நிறுவித் தந்த தேடல் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. அதனால்தான் ‘சோழர்’ என்று தேடினால் ஒரு நூலும் கிடைப்பதில்லை. ‘பல்லவர்’ என்று தேடினால் கிடைக்கிறது. காரணம் புரியும்வரை, சோழர் பற்றிய நூல்கள் எல்லாம் பதிவிலிருந்தே விடுபட்டுவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். இதற்குத் தங்கள் அலுவலர் கூறிய தீர்வு, மாணவர்களை ஆங்கிலத்தில் தேடச் சொல்ல வேண்டும் என்பது. தமிழ் நூலைத் தமிழில் தேடக் கூடாது என்று சொல்லவா பட்டியலாக்க நிறுவனம்?

அகரவரிசையும் நம் அகரவரிசையாக இல்லை. யூனிகோடு எண்களின் வரிசையை அப்படியே பின்பற்றியிருப்பதால் ‘அழகு’ முன்னும் ‘அவ்வை’ பின்னும் வருகின்றன. இறுதியில் வர வேண்டிய ஜகர நூல்கள் ஞகரத்துக்கு முன்னே நிற்கின்றன. தமிழ் இலக்கியம் முழுவதற்கும் 894.811 என்ற ஒரே எண்ணைக் கொடுத்து நிறுத்திவிட்டதால், 894.8111இல் இருக்க வேண்டிய கவிதையும் 894.8113இல் இருக்க வேண்டிய புதினமும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கின்றன. ஒரே எழுத்தாளர் இனிஷியலுடன் ஒருவராகவும், இனிஷியல் இல்லாமல் மற்றொருவராகவும், ஊர்ப் பெயருடன் மூன்றாமவராகவும் பட்டியலில் இருக்கிறார்.

பார்கோடு ஒட்டும்போது நூல் வந்து சேர்ந்தபோது நாங்கள் இட்ட சேர்க்கைப் பதிவேட்டு எண்களைக் கைவிட்டுத் தங்கள் வசதிக்குப் புதிய எண்களை இட்டதால், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு முடிக்க முடியவில்லை. தணிக்கையின்போது இதற்கு விளக்கம் அளிக்க வேண்டியவர் தலைமையாசிரியர். தங்கள் நிறுவனம் அல்ல. நூல்களின் முதுகில் பகுப்பு எண் காட்ட ஒட்டிய சீட்டுகள் மழைக்காலத்து மூடுபனி ஈரத்தில் உரிந்து விழுவதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன், ஆனால் அது சிறிய குறை. நல்ல பசை கொண்டு நாங்களே ஒட்டிக்கொள்வோம்.

இந்த நிலையில்தான், வரும் ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துமாறு தங்கள் விலைப்பட்டியல் வந்திருக்கிறது. தலைமையாசிரியரின் ஒப்புதலுடன் அத்தொகையை நிறுத்திவைத்திருக்கிறேன். தங்கள் பட்டியலாளர் ஒருவர் ஏற்காட்டுக்கு வந்து, இணைப்பில் குறித்துள்ள நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துப் பகுப்பு எண்களையும் பொருள் தலைப்புகளையும் திருத்த வேண்டும். தமிழ்ப் பதிவுகள் அனைத்தையும் ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றி, பதிவேட்டு எண்களையும் சேர்த்து, முழுப் பட்டியலையும் மார்க் 21 கோப்பாக எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கோப்பு தங்கள் சேவையகத்தில் மட்டுமே இருக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. திருத்தப் பணிக்குத் தனிக் கட்டணம் கோரப்படுமானால் அதை ஏற்பதற்கில்லை.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பணி தொடங்கும் தேதியை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், புகார்தாரர் தாம் இருக்கும் இடத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதால், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்துள்ளது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலகர்

இடம்: ஏற்காடு
இணைப்பு: பிழையான பதிவுகளின் பட்டியல், ஒப்பந்த நகல்
நகல்: தலைமையாசிரியர் அவர்களுக்கு