மரத்தில் செய்த உயிரெழுத்து

கார்ல்ஸ்க்ரூனா, ஸ்வீடன்
டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முட்டிவலி குறைந்ததா? இங்கே மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வெளியே வந்தால் நடுராத்திரி மாதிரி இருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய கருவாடு தீர்ந்துவிட்டது, மற்றபடி சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இது கடற்படைக்காகவே உண்டான ஊர் அப்பா. 1680இல் ஸ்வீடன் அரசர் இந்தத் தீவுகளின் மேல் இதை அமைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். கால் வலிக்கிற வரைக்கும், தோணி கட்டுகிற உங்களை நினைத்துக்கொண்டே நின்றேன்.

1752இல் அடால்ஃப் ஃபிரெட்ரிக் என்ற அரசர், கப்பல் பட்டறைக்காரர்கள் செய்யும் மர மாதிரிகளை ஓர் அறையில் சேர்த்து வைக்கச் சொன்னாராம். அந்த அறைதான் இன்றைக்கு அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது. எல்லோரும் கப்பல் மாதிரிகளைத்தான் படம் எடுத்தார்கள். நான் பட்டறை யந்திர மாதிரிகளை விட்டு நகரவில்லை. ஒன்று, ஆட்கள் சுற்றி நடந்து தள்ளி வடத்தை இழுக்கும் உருளை. ஒரு முழம்கூட இருக்காது. தள்ளுகட்டை செருகுவதற்கு உச்சியில் சதுரத் துளைகள். உருளை பின்வாங்காதபடி கீழே பல்லில் விழுகிற தடுப்புக்கட்டை, சுண்டுவிரல் நகம் அளவுதான். அதன் மூலை தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனையோ பேர் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

தாளில் வரைந்தால் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும். மரத்தில் செய்துவிட்டால் அதிகாரியும் தச்சரும் ஒரே மேசையில் நின்று விரலால் சுழற்றி, எங்கே இடிக்கும், எங்கே சிக்கும் என்று பேசிக்கொள்ளலாம். பெரிய மரத்தை வெட்டுவதற்கு முன்னாலேயே தப்பு தெரிந்துவிடும்.

இங்கே பாறையைக் குடைந்து செய்த ஒரு கப்பல் துறை இருக்கிறது, கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியேற்றி வேலை பார்க்கிற இடம். 1724இல் முடித்தார்கள். இந்தக் கடலில் ஏற்றவற்றம் அநேகமாகக் கிடையாது. வற்றம் வரும்போது தண்ணீர் தானாக வடியட்டும் என்று காத்திருக்க முடியாது, முழுவதையும் இறைத்தாக வேண்டும். அந்தத் துறைக்குப் பேர் போல்ஹெம் துறை. கிறிஸ்தோபர் போல்ஹெம் என்ற யந்திரக்காரரின் பேர் அது.

அந்த மனிதரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். யந்திரத்தின் ஒவ்வொரு அசைவையும் தனித்தனி மரத்துண்டாகச் செய்து, அதற்கு 'யந்திர அகரவரிசை' என்று பேர் வைத்திருக்கிறார். நெம்புகோல், ஆப்பு, திருகு, கப்பி, வடம் சுற்றும் உருளை இந்த ஐந்தும் உயிரெழுத்தாம். மற்றதெல்லாம் மெய். உயிர் சேராமல் எந்தச் சொல்லும் இல்லை, இந்த ஐந்தில் ஒன்று சேராமல் எந்த யந்திரமும் இல்லை என்றாராம். ஸ்டாக்ஹோமில் அந்தத் துண்டுகளைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. உயிர், மெய், உயிர்மெய் என்று சிலேட்டில் எழுதிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம்.

அங்கேயே வாசா என்ற கப்பலும் இருக்கிறது. 1628இல் மூழ்கி, 1961இல் தூக்கியது. இந்தப் பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைப்பதில்லை. அதனால்தான் மரம் தப்பியது. நம் தூத்துக்குடிக் கடலில் அந்தப் புழுவோடு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்பா, நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு முதலாளிக்குக் காட்டுவதற்காக நீங்கள் சின்னத் தோணி ஒன்று செய்தீர்கள். ஏரா என்கிற அடிமரம், விலா மாதிரி வங்கு எல்லாம் சரியாக இருந்தது, கப்பிகூடச் சுற்றியது. தோணி கடலில் இறங்கிய பிறகு அந்த மாதிரியைக் கேட்டேன். அதற்குள் பட்டறையில் யாரோ அதை அடுப்பில் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டதே என்று நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். இங்கே இவர்கள் அதே மாதிரிச் சாமானுக்கு விளக்குப் போட்டு, கண்ணாடிக்குள் வைத்திருப்பதைப் பார்த்து மறுபடியும் அழுகை வந்தது.

கொட்டகையில் கொஞ்சம் வாகைக் கட்டை கிடக்குமே. தோணியைக் கரையேற்றுகிற முறையை ஒரு முழ அளவில் செய்து தாருங்கள். அவசரம் இல்லை, முட்டிவலி குறையட்டும். கப்பிக்குள் அச்சு எப்படி உட்காருகிறது என்று தெரிகிற மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள். செய்யும்போது தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீங்கள் சொல்கிற பேரை அவன் எழுதி வைக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. ஜூலையில் வருகிறேன்.

உங்கள் மகள்