வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

அன்று வீடியோவில் உன் பின்னால் ஒரு பச்சை டப்பா தெரிந்தது. கேட்டதற்கு, "கிரீன் டீ மாத்திரைப்பா, ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் குறையும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் போன் இல்லை.

நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது. உடம்பு சாப்பாட்டை எரிக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் என்ற துடுக்கான துகள்கள் உண்டாகும். அவை மிஞ்சினால் செல்லை அரிக்கும், அதுதான் நீ சொன்ன ஸ்ட்ரெஸ். கொழுந்தில் இருக்கிற கேட்டச்சின் என்ற சத்து, முக்கியமாக அதில் ஈ.ஜி.சி.ஜி. என்ற வகை, அதை அடக்கக்கூடியது. நம் ஃபேக்டரியில் பார்த்திருப்பாயே, ரோலரில் நசுங்கிய கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும். அதில் கேட்டச்சின் பெரும்பகுதி வேறாகிவிடும். கிரீன் டீக்கு முதலிலேயே சூடு காட்டி, அந்த மாற்றத்தைச் செய்கிற நொதியைச் செயலிழக்க வைப்பதால் கேட்டச்சின் அப்படியே தங்குகிறது. அந்த வாசனைக்காகவே என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இன்று ஹாம்பர்க்கில் பெரிய பொறுப்பில் இருக்கிறாய். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு படித்தவள் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாமா?

டீ வேறு, மாத்திரை வேறு. பல கோப்பைச் சத்தை ஒரே விழுங்கில் இறக்குகிறார்கள். அளவு மிஞ்சினால் அதே ஈ.ஜி.சி.ஜி. தானே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், கல்லீரலைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளைக் கரைக்கும். எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எதைத் தணிக்க விழுங்குகிறாயோ அதையே கிளப்பிவிடும். எடை குறைக்க விற்ற எக்ஸோலைஸ் என்ற கிரீன் டீ மாத்திரையை, கல்லீரல் கெட்டதால் 2003-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் நிறுத்தினார்கள். நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. எடுப்பவர்களுக்குக் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக, அதாவது கல்லீரல் அடிபடுவதன் அடையாளம் தெரிவதாக, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே வந்தது: நாளளவு 800-க்குக் கீழே இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் போனால் ஈ.ஜி.சி.ஜி. இரத்தத்தில் பலமடங்கு ஏறும்.

காலையில் சாப்பிடுகிறாயா பாப்பா? அதைத்தான் கேட்க வந்தேன். தோள் எலும்பு தெரிகிறது. அம்மாவும் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. சேலம் கல்யாணத்தில் உன் சித்தி பேசியது... அதை விடு. நீ காலையில் சாப்பிட வேண்டும்.

உனக்கு ஹீமோகுளோபின் எப்போதுமே குறைவு. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சரியாக ஏறவிடாது. மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால் இரும்புக்குக் கேடு, சாப்பிடாமல் எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு. பிறகு அது எதற்கு? டீயாகவே குடி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மூன்று கோப்பை. நல்ல கொழுந்தாகப் பார்த்து நானே அனுப்புகிறேன்.

இவ்வளவு நாள் எடுத்ததற்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் இரத்தப் பரிசோதனைகளை ஒருமுறை பார்த்துவிடு. சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தள்ளிப்போடாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எதுவும் கேட்க மாட்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அம்மாவிடம் மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா