லின்ட்சியிலிருந்து குணத்துக்கு

அன்பின் குணம்,

“உயிரோட இருக்கிறியா?” என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டியதற்கு நீ அனுப்பிய குரல் பதிவை மனைவி பக்கத்தில் இருக்கும்போது திறந்துவிட்டேன். உன் மரியாதை இங்கே கொஞ்சம் குறைந்திருக்கிறது. சரி, இந்தச் சங்கதி பெருவிரலில் அடங்காது, அதுதான் கடிதம்.

எல்லாரும் சுகம். அவளுக்கு முழங்கால் நோ குறையவில்லை. மகள் வன்கூவரில் வேலை, நத்தாருக்கு வருவாள். செல்வன் போன மாதம் வந்து இரண்டு நாள் நின்றான். அதே பழைய சைக்கிள் கதையைத்தான் சொன்னான், இந்த முறை அதில் பொலிஸ்காரர் மூன்று பேராகிவிட்டார்கள்.

விசயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் ஸ்காபரோ வீட்டை விற்று லின்ட்சியில் நாங்கள் வாங்கிய இந்தக் காணியில் வீட்டைச் சுற்றிய துண்டு போக மிச்சத்தைப் பக்கத்துக் கமக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தேன். சோளமும் சோயாவும் மாறி மாறிப் போடுகிறார். நல்ல மனுசன். முதல் குளிர்காலத்தில் கேட்காமலே வந்து பாதையில் பனி தள்ளிவிட்டவர். அவர் செப்டெம்பரில் ஒரு தடித்த கோப்போடு வந்தார். நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சுகிற சேற்றை நிலத்துக்குப் போடலாமாம். ஒரு ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து தானே பரப்பி உழுதும் விடுவார். காசு வேண்டாம். காணிக்காரன் நான் என்றபடியால் என் சம்மதம் வேண்டும்.

நீ சிரிக்கிறது கேட்கிறது. ஆமடா, அதுதான். ரொறன்ரோவில் முப்பது இலட்சம் சனம் தின்றதன் முடிவு. உன் மருமகன் கடையின் கொத்துரொட்டியும் வருமா என்று கேட்காதே. ஸ்காபரோப் பக்கத்து ஆலையில் இவ்வளவு காலமும் சேற்றை எரித்துத்தான் வந்தார்கள்.

இதற்கு இங்கே சட்டம் இருக்கிறது, சும்மா கொட்டிவிட்டுப் போக முடியாது. அதன் கதை இதே ஒன்ராறியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்து, ஒரு பண்ணையில் போட்ட மாட்டெருவின் கிருமி ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. 7 பேர் செத்தார்கள், 2300 பேர் வரை நோயில் விழுந்தார்கள். ஊரின் மொத்தச் சனமே 5000க்குள். நீ அந்த மே மாதத்தில் எந்தப் பங்கருக்குள் இருந்தாய் என்று எனக்குத் தெரியும், இந்தச் செய்தி உனக்கு எங்கே வந்திருக்கும். விசாரித்த நீதிபதி ஓ’கொனர், எருப் போட்ட கமக்காரரில் பிழை இல்லை, அவர் நல்ல முறைப்படிதான் செய்தார் என்று எழுதினார். குளோரினை ஒழுங்காகப் பார்க்காமல் பார்த்ததாகப் பதிவு எழுதிய தண்ணீர்ப் பகுதிக்காரர்தான் மாட்டுப்பட்டார்கள். அதற்குப் பிறகு 2002இல் ஒன்ராறியோவில் ஊட்டச்சத்து மேலாண்மைச் சட்டம் வந்தது, அடுத்த வருசம் அதன் கீழ் 267/03 என்ற ஒழுங்குவிதி. பண்ணைக்கு வெளியிலிருந்து வருகிற கழிவுகளுக்கு இப்போதுள்ள முறை 2011இல் நடைமுறைக்கு வந்தது.

நான் அந்த விதியை உட்கார்ந்து வாசித்தேன் மச்சான். ராசையா மாஸ்டர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். கழிவை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இலை தழை, பதப்படுத்தாத மரக்கறிக் கழிவு மாதிரியானவை முதல் வகை. ஆலையில் பதப்படுத்திய தாவரப் பொருள் இரண்டாவது. இறைச்சிக் கழிவு, மலக்கழிவுச் சேறு எல்லாம் மூன்றாவது. அந்த மூன்றாவதற்கு நிலத்துக்கென்று தனித் திட்டம் எழுதி அனுமதி எடுக்க வேண்டும். சேற்றையும் மண்ணையும் 11 உலோகங்களுக்குப் பரிசோதிக்க வேண்டும். ஆர்சனிக், கட்மியம், ஈயம், பாதரசம் என்று போகிறது பட்டியல். கிருமிக்கு வேறு அளவு. நாற்றத்துக்குக்கூடத் தரம் பிரித்து, அதன்படி அயல் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நிலத்தில் போடவே கூடாது, உறைந்த நிலம் உறிஞ்சாது, பனி உருகும்போது எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும். போட்ட பிறகு வைக்கோல் புல் வெட்ட மூன்று கிழமை, மாடு மேய்க்க இரண்டு மாதம், ஆடு மேய்க்க ஆறு மாதம், மரக்கறி பிடுங்க 12 மாதம் பொறுக்க வேண்டும். மாட்டுக்கு இரண்டு, ஆட்டுக்கு ஆறு ஏன் என்று நீ கேட்பாய். ஆடு புல்லை அடியோடு கரும்பும், மண்ணும் சேர்த்து விழுங்கும், நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

கிணறு இருக்கிறதே, அதில்தான் எனக்கு விதிமேல் மரியாதையே வந்தது. ஆழமாகத் துளைத்து நீர் புகாத குழாய் இறக்கிய கிணறென்றால் 15 மீட்டர் விட்டால் போதும். எங்களுடையது பழைய காலத்தில் தோண்டிய கிணறு. அதற்கு 90 மீட்டர். 90 மீட்டரில் வட்டம் போட்டால் ஆறு ஏக்கருக்கு மேல் அடிபட்டுப் போகிறது. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த வரைபடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி அந்தச் சிவப்பு வட்டம் கிடந்தது. இணுவிலில் உன் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் கக்கூசுக் குழிக்கும் இடையில் எத்தனை முழம் என்று எனக்கு நினைவிருக்கிறது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது வடிகட்டாமலே கீழே போய்விடும். குழந்தைகளுக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்காதே என்று நைத்திரேற்றுக்குப் பயந்து சொல்கிற ஊர் உன்னுடையது.

அப்புறம் ஒரு நாள் பக்கத்துக்காரரோடு போய், ஏற்கனவே போட்டிருந்த ஒரு வயலைப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, கையில் எடுத்தால் உதிராத பிண்டம். காற்றில்லாத தொட்டியில் கிருமியால் செரித்த பிறகு வருவது, ஆகவே நீ நினைக்கிற நாற்றம் இல்லை. அமோனியாவும் கந்தகமும் கலந்த வாடை, மூக்கைவிடக் கண்ணில்தான் எரிகிறது. குனிந்து பார்த்தேன். வெள்ளையாக ஒரு காது துடைக்கிற குச்சியின் தண்டு. கொஞ்சம் தள்ளித் தக்காளிக் கன்றுகள், வரிசையில்லாமல், நல்ல கரும்பச்சையாக. யாரோ ஒருவரின் வயிற்றைத் தாண்டி, ஆலையைத் தாண்டி வந்த விதைகள். பக்கத்துக்காரர், “பார், எவ்வளவு நல்ல உரம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரம்.

ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலத்திலிருந்து நகரத்துக்குப் போன பொசுபரசு திரும்ப நிலத்துக்கு வராவிட்டால், மொரோக்கோவில் பாறை உடைத்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும். எரித்தாலும் புதைத்தாலும் எல்லாம் வீண். இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று 2021இல் இலங்கை அரசு தடை போட்டபோது நீ பட்டாயே, உன் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்ததாகப் படம் அனுப்பினாய். அதே வருசம்தான் சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலில் எர்வினியா கிருமி இருக்கிறது என்று கொழும்பில் திருப்பிவிட்டார்கள், பிறகு இறக்காத சரக்குக்குக் காசும் கட்டினார்கள். அந்தக் கூத்தில் எனக்குப் பிடித்த ஆட்கள் தாவரத் தடுப்புக்காப்புப் பகுதி உத்தியோகத்தர்கள்தான். அவ்வளவு நெருக்கடியிலும் பரிசோதனை முடிவை மாற்றி எழுதவில்லை.

இங்கே என்னைப் பிடித்து உலுப்புவதும் பரிசோதனைதான் குணம். 11 உலோகம் பார்க்கிறார்கள், நல்லது. ஆனால் பிஃபாஸ் என்று ஒரு குடும்பம் இரசாயனம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில். ஒட்டாத தாச்சி, மழைச்சட்டை, தீயணைப்பு நுரை, சாப்பாடு சுற்றுகிற தாள், எல்லாவற்றிலும் வந்தது. அழியாது. ஆலையின் தொட்டியில் செரிக்காது, சேற்றில் தங்கிவிடும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு பாற்பண்ணைக்காரர் 1980களிலிருந்து அரசு அனுமதியோடு, எல்லா விதியும் பார்த்துச் சேறு போட்டவர். கடைசி லொறி வந்து பத்து வருசத்துக்கு மேலான பிறகு, 2016இல் கிணற்றிலும் பாலிலும் அந்த இரசாயனம் இருப்பது தெரிந்தது. பாலைக் கீழே ஊற்றினார், தொழில் போய்விட்டது. 2022இல் அந்த மாநிலம் சேறு போடுவதையே தடைசெய்தது. சுவிற்சர்லாந்து 2006இலேயே நிறுத்திவிட்டது. கனடாவிலும் 2024 ஒக்டோபரிலிருந்து, உரமாக விற்கிற, இறக்குமதி செய்கிற சேற்றுக்கு, பிஃபாசில் ஒன்றான பிஃபோசுக்கு மட்டும், நூறு கோடியில் 50 பங்கு என்று உணவுப் பரிசோதனை முகவரகம் எல்லை வைத்திருக்கிறது. ஒன்றுக்கு. மிச்ச ஆயிரம்?

அந்த மேய்ன்காரர் ஒரு விதியையும் மீறவில்லை. விதி எழுதியவர்களும் கெட்டவர்கள் இல்லை, அன்றைக்குத் தெரிந்ததை எழுதினார்கள். ஆனால் தெரியாததன் செலவு முழுக்க நிலம் வைத்திருந்தவன் தலையில் விழுந்தது. இரசாயனம் செய்த கம்பனி, நகரம், ஆலை, லொறிக்காரன், ஒருவரும் அவன் பாலை வாங்கவில்லை. லொறி ஏன் காசில்லாமல் வருகிறது என்று எனக்கு அதற்குப் பிறகுதான் யோசனை ஓடியது. புதைகுழிக்குக் கொண்டுபோனால் நகரம் தொன்னுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். என் காணியில் போட்டால் அந்தச் செலவு மிச்சம். எனக்கு உரம் கிடைக்கிறது, அது உண்மை. அதோடு அவர்களின் பொறுப்பும் என் பெயருக்கு மாறுகிறது, அது கோப்பில் எந்தப் பக்கத்திலும் எழுதியில்லை.

ஆகவே பக்கத்துக்காரரிடம் சொன்னேன்: இலை தழைக் கூட்டெரு போடு, மாட்டெரு போடு. மலச்சேறென்றால் அந்த ஆலையின் பிஃபாஸ் பரிசோதனைக் கடுதாசியும், பின்னால் ஏதும் வந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தக்காரரின் கையெழுத்தும் வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “உன் காணி, உன் விருப்பம்” என்றார். அதற்குப் பிறகு கோப்பி குடிக்க வரவில்லை. உர விலை ஏறிக் கிடக்கிறது, அவருக்கு அது பெரிய காசு, எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரிடமிருந்து பதில் இல்லை. இவள் சொல்கிறாள், இந்த முறை பனியை நானே தள்ள வேண்டிவரும் என்று. குத்தகையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

நீ வன்னியிலிருந்து மாட்டெரு இறக்கும்போது எப்போதாவது மறுத்து அனுப்பியிருக்கிறாயா? உன் மைத்துனர் விவசாயத் திணைக்களத்தில் இருந்தவர்தானே, கிணற்றுத் தண்ணீரை அங்கே எதற்கெல்லாம் பரிசோதிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டு எழுது. இன்னொன்று, நீயென்றால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? குரல் பதிவு அனுப்புவதென்றால் முதலே எச்சரித்து அனுப்பு.

செல்வனின் இலக்கத்தை ஒருவருக்கும் கொடுக்காதே. பெரியக்காவுக்கு என் அன்பு, மருந்துக் காசு பத்தாம் திகதிக்குள் வந்து சேரும்.

என்றும் உன்,
பாலா