தபாலில் பதிவு, நேரில் மட்டும் வாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள், படிவம் 6ஏ-வைத் தபாலில் அனுப்பியே சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும் என்பது எங்கள் மாவட்டத்தில் பலருக்குத் தெரிவதில்லை. புகைப்படம், இந்திய முகவரி ஆகியவை உள்ள பாஸ்போர்ட் பக்கங்களுடன் விசா முத்திரையுள்ள பக்கத்தையும் நகலெடுத்து, தாமே சான்றொப்பமிட்டு வாக்காளர் பதிவு அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

அதன் பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கே வந்து விசாரிப்பார். உறவினர் எவரும் இல்லாவிட்டால் ஆவணங்கள் அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குச் செல்லும். போலிப் பெயர்களைத் தடுக்க இவ்வளவு கண்டிப்பு தேவை என்பதே என் கருத்து. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வளைகுடா சென்றவரின் மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவருக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும்.

இத்தனை சோதனைகளைக் கடந்து பெயர் சேர்ந்தவருக்கும் வாக்காளர் அடையாள அட்டை கிடையாது. தேர்தல் நாளில் அசல் பாஸ்போர்ட்டுடன் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தால்தான் வாக்கு. விமானக் கட்டணம் கொடுத்து எத்தனை கூலித் தொழிலாளர்கள் வருவார்கள்? வாக்காளர் தமக்குப் பதிலாக வேறொருவரை நியமித்து வாக்களிக்கச் செய்யும் பதிலி வாக்குக்கு வழிசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் காலாவதியாகிவிட்டது. வாக்குச்சீட்டை இணையவழியில் பெற்று, வாக்கைக் குறித்து அஞ்சலில் திருப்பி அனுப்பும் வகையில் ராணுவத்தினருக்கு உள்ள மின்னணு அஞ்சல் வாக்குமுறையை, தூதரகச் சரிபார்ப்புடன் இவர்களுக்கும் நீட்டிக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம்.