சிகாகோ கத்தோலிக்கர் வரலாற்றில் விடுபட்ட பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்தந்தை பதினான்காம் லியோ பிறந்த சிகாகோ நகரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை, நான் பாடம் எடுக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். 1843இல் மறைமாவட்டமான அந்நகரின் கத்தோலிக்கர் அனைவரையும் ஐரிஷ் மக்கள் என்றே கட்டுரை குறிப்பிட்டிருந்தது எனக்கு வருத்தமளித்தது.

அங்கே பல பங்குகள் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்கள்) மொழிவாரியாகவே அமைந்தன. ஜெர்மானியர் 1852இல் புனித மிக்கேல் பங்கையும், போலந்து மக்கள் 1867இல் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கையும், செக் மக்கள் 1875இல் பில்சன் பகுதியில் புனித புரோகோப்பியுஸ் பங்கையும் நிறுவி, மறையுரையையும் பாவசங்கீர்த்தனத்தையும் தத்தம் தாய்மொழியிலேயே வைத்துக்கொண்டனர்; திருப்பலி மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இலத்தீனில் நடந்தது. செக் மக்களின் அதே ஆலயத்தில் பிற்காலத்தில் மெக்சிகோ மக்கள் ஸ்பானிய மொழியில் செபிக்கலாயினர்.

ஆங்கிலமே பேசிய கறுப்பினக் கத்தோலிக்கரை ஒதுக்கி வைத்தது மொழியன்று, நிறம். புனித மரியா ஆலயத்தின் அடித்தளத்தில் கூடி வழிபட்டுவந்த அவர்களுக்கு 1889இல் மேய்ப்பராக வந்தவர் அகஸ்டஸ் டோல்டன். மிசௌரியில் 1854இல் அடிமையாகப் பிறந்த அவருக்கு, அவரை உடைமையாக வைத்திருந்த வீட்டின் எசமானியே ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தாய். இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தாயுடன் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து தப்பி வந்த அவரை அமெரிக்கக் குருமடம் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. உரோமையில் பயின்று 1886இல் குருப்பட்டம் பெற்றார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் அவர் எழுப்பிய புனித மோனிக்கா ஆலயம் பணமில்லாமல் கடைசிவரை முழுமை பெறவில்லை. 1897 ஜூலையில் குருக்களின் தியானம் முடிந்து ரயிலில் திரும்பியவர், நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து அன்றிரவே இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை, புனிதர் நிலைக்கு உயர்த்தும் வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

திருத்தந்தை லியோவின் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த கிரியோல் (ஆப்பிரிக்க, ஐரோப்பிய வேர்கள் கலந்த) மரபினர். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கறுப்பினத்தவராகப் பதிவானவர்கள். பின்னர் அவர்கள் குடியேறிய நகரமே சிகாகோ. ஆகவே, டோல்டனையும் அவருடைய மக்களையும் பற்றித் தனிக்கட்டுரை ஒன்றை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதையும் அதே வகுப்பில் வாசித்துக் காட்டக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை